மாமா வீட்டை விட்டு வெளியே இருந்த நேரம் குறித்து நான் திருத்திச் சொல்வது

உதவி ஆய்வாளர் ஈஸ்வரன் சார் அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டே முக்கால் ஆகிறது, குழந்தை இருமி இருமி இப்போதுதான் தூங்கினாள். இன்று மதியம் நிலையத்தில் நீங்கள் கேட்க எழுத்தர் எழுதிய என் வாக்குமூலத்தில் ஒரு விஷயம் தவறாக இருக்கிறது. தவறு எழுத்தருடையது இல்லை, நான் சொன்னதைத்தான் அவர் எழுதினார். குடியரசு தின ஒத்திகைக்குக் கிளம்பும்போது நீங்கள், "ஏதாச்சும் விட்டுப் போயிருந்தா தமிழ்லயே எழுதி அனுப்புங்கம்மா, நான் ஹிந்தியில போட்டுக்கறேன்" என்று சொன்னீர்கள். அதை வைத்துக்கொண்டு முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்கள் நம்பருக்கு அனுப்புகிறேன்.

என் பெயர் நஜ்மா பானு. வயது முப்பது. காலஞ்சென்ற ஜெய்லானியின் மனைவி. லம்பா லைனில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போகும் சந்தில் மூன்றாவது வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். ஊர் போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதச் சொல்கிறார்கள். பி.காம். படித்திருக்கிறேன். ஒரு டிராவல்ஸில் தீவுகளுக்குப் போகும் போட்டுக்கு டிக்கெட் போடும் வேலை. எனக்கு ஹாஜிரா என்று ஒரே மகள், வயது ஆறு, ஒன்றாம் வகுப்பு.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் கணவரின் தம்பி பைசல். வயது முப்பத்திரண்டு, அதே வீட்டின் மேல்தளத்தில் மனைவியுடன் இருக்கிறார். அபர்தீன் பஜாரில் கயிறு, வலை, பெயின்ட் விற்கும் கடை அவருடையது. அவர் புகாரில் இரண்டு விஷயம் சொல்கிறார். அவருடைய அத்தாவும், நான் மாமா என்று கூப்பிடும் என் மாமனாருமான அப்துல் கனி கீழ்த்தளத்தை எனக்குக் கொடுத்ததாக நான் சொல்வது பொய் என்பது ஒன்று. அவர் போட்ட பூட்டை நான் உடைத்தேன் என்பது மற்றொன்று. பூட்டை உடைத்தது உண்மை. அதைப் பற்றி வரிசையில் வரும்போது எழுதுகிறேன்.

என் கணவர் 2021 செப்டம்பரில் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து இறந்தார். அதன் பிறகும் நான் மாமா, மாமியுடன் கீழ்த்தளத்திலேயே இருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில், பெருநாள் முடிந்த வாரம், மாமா பள்ளிவாசலில் இமாமிடம் பேசிவிட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாமி, அதாவது என் மாமியார் சம்சாத், என்னவென்று கேட்டதற்கு, தான் இறந்தால் ஹாஜிராவுக்கு இந்த வீட்டில் ஓரடி மண்கூட வராது என்று இமாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஒரு மகன் உயிரோடு இருக்கும்போது முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு கிடையாது, மருமகளுக்கு எப்படியும் கிடையாது. எங்கள் மார்க்கச் சட்டத்தில் அப்படித்தான். கொடுக்க நினைப்பவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று இமாம் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு மாமா என்னையும் அழைத்துக்கொண்டு டெலானிபூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார். உயில் எழுதினால் மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது, அதற்கு மேல் போனால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். குழந்தை பெயரில் ஒரு டிரஸ்ட் எழுதலாம், நானும் பைசலும் பொறுப்பாளர்களாக இருந்து ஹாஜிராவுக்குப் பதினெட்டு வயது ஆனதும் ஒப்படைக்கலாம் என்று ஒரு நகல் எழுதிக் கொடுத்தார். மாமா அந்த நகலைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் படித்துவிட்டு மறுபடி போய், "இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரலேன்னா?" என்று கேட்டார். வக்கீல், "கோர்ட் பார்த்துக்கும் பாய்" என்றார். மாமா, "அப்ப நான் பேத்திக்குக் கொடுக்கலையே, கோர்ட்டுக்குல்ல கொடுக்கறேன்" என்று சொல்லி நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் ஹிபா என்று முடிவானது. உயிரோடு இருக்கும்போதே ஒருவர் தன் சொத்தை இன்னொருவருக்குத் தானமாகக் கொடுப்பது அது. கொடுக்கிறவர் வாயால் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், பொருள் கைமாற வேண்டும். குழந்தைக்குக் கொடுத்தால் அவள் வளரும் வரை தானே பொறுப்பாளராக இருக்க வேண்டி வரும், தனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது என்று சொல்லி, என் பெயருக்கே கொடுப்பதாக மாமா சொன்னார். எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பதால் மாமா வெளியேறத் தேவையில்லை, சாவியைக் கொடுத்து கரன்ட் பில்லை என் பெயருக்கு மாற்றினால் போதும் என்று வக்கீல் சொன்னார். இதை நான் என் காதால் கேட்டேன்.

ஆனால் மாமா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய வாப்பா ராமநாதபுரத்தில் தன் தங்கைக்கு வீடு கொடுத்தபோது, தன் சாமான் ஒன்றுகூட உள்ளே இல்லாமல் எடுத்துக்கொண்டு வெளியேறி, மூன்று இரவு வேறு இடத்தில் தங்கி, அதன் பிறகு தங்கை அழைக்க விருந்தாளியாக உள்ளே வந்தாராம். "கொடுத்தவன் உள்ளேயே கால் நீட்டிப் படுத்துக் கிடந்தா அது என்ன கொடுத்தது? மூணு ராத்திரி நான் வெளிய இருக்கணும்" என்றார். மாமாவை யாரும் மாற்ற முடியாது. மூன்று இரவு என்ற கணக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான், எந்தச் சட்டத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கால்தான் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹேவ்லாக் தீவில் வெள்ளைச்சாமி என்று மாமா கடை நடத்திய காலத்து வாடிக்கையாளர் ஒருவர் பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் மூன்று இரவு தங்குவதாக ஏற்பாடு. 2024 ஜூன் 13, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி போட்டுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். பைசல் அந்த வாரம் சரக்கு எடுக்க மனைவியுடன் சென்னை போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்ததாகப் புகாரில் இருக்கிறது. மாமா அவருக்கு முன்னாலேயே போனில் சொன்னார். "ஹாங் ஹாங், டீக் ஹை அத்தா, வந்து பேசிக்கலாம்" என்று பைசல் சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அன்று காலை மாமா தன் துணிமணி, மருந்து, ரேடியோ, ஷேவிங் சாமான், கிதாபுகள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றினார். அவர் உட்காரும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்துக்கொண்டார். மாமி, "எழுபத்து நாலு வயசுல வீட்டை விட்டு ஓடறீங்களாக்கும்? தெருவே சிரிக்கப் போவுது" என்றார். மாமா, "சிரிக்கட்டும், சாட்சி கூடும்" என்றார். தனக்கு என்ன ஏற்பாடு என்று மாமி கேட்டதற்கு, "நீ இன்னைலேர்ந்து உன் மருமவளுக்கு விருந்தாளி. வாயைக் கொஞ்சம் குறைச்சுக்க" என்றார்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு உதயசூரியன் அண்ணன் வந்தார். பொதுப்பணித் துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது சாட்சியாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல். அதனால் படகுத்துறை ஜெட்டிக்குக் கூட்டிப் போக வந்திருந்த ஆட்டோக்காரர் குணாவையே மாமா உள்ளே கூப்பிட்டார். காலை பத்தரை மணிக்கு, அவர்கள் இருவர் முன்னால், "இந்தக் கீழ் வீட்டை என் மகன் ஜெய்லானி பொஞ்சாதி நஜ்மாவுக்குக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிச் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். நான், "வாங்கிக்கிட்டேன் மாமா" என்றேன். அவர் கைப்பட எழுதி வைத்திருந்த தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் நகலை இன்று கொடுத்திருக்கிறேன். அதில் "சாவியைக் கொடுத்து வெளியேறுகிறேன்" என்று இருக்கிறது. எத்தனை நாள் என்று இல்லை.

அதன் பிறகு குணா, "தாதா, பெட்டி ஏறிடும், குர்சி ஏறாது" என்றார். மாமா, "ஏறணும்பா. அது என்னோடது, உள்ள இருக்கக் கூடாது" என்றார். நாற்காலியை ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். பத்து ஐம்பதுக்கு ஆட்டோ கிளம்பியது. நான் வேலைக்குப் போனேன்.

இதுவரை எழுதியதும் மதியம் சொன்னதும் ஒன்றுதான். இனி எழுதப்போவதில்தான் மாற்றம்.

"கனி பாய் வெளியே எத்தனை நாள் இருந்தார்?" என்று நீங்கள் கேட்டீர்கள். பைசல் அந்தப் பக்கத்து பெஞ்சிலிருந்து, "ஒரு ராத்திரிகூட இல்ல சார், கேட்டுப் பாருங்க" என்றார். நான், "மூன்று நாள், ஹேவ்லாக்கில்" என்று சொன்னேன். அது உண்மை இல்லை. மாமா ஹேவ்லாக் போகவே இல்லை.

நடந்தது இது. அன்று பகல் ஒன்று இருபத்தைந்துக்கு, கடல் கொந்தளிப்பால் இரண்டு மணி போட் ரத்து என்று எனக்கு மெசேஜ் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. உடனே மாமாவுக்குப் போன் செய்தேன். நாளைக் காலை போட்டுக்குப் போகிறேன், ஜெட்டியிலேயே இருக்கிறேன் என்றார். சாப்பிட்டீர்களா என்றதற்கு ஆச்சு என்றார். நாலரைக்கு வேலை முடிந்து, உதயசூரியன் அண்ணன் வீட்டில் இருந்த ஹாஜிராவைக் கூட்டிக்கொண்டு, அதே குணாவின் ஆட்டோவில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போனேன். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பயணிகள் கூடத்தின் ஓரத்தில், எல்லாரும் போன பிறகு, மாமா தன் பச்சை நாற்காலியில் டிரங்குப் பெட்டி மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை செய்யும் ஒருவர் என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுப் பெரியவரா? வீடு எங்கேன்னு கேட்டா, காலையில கொடுத்துட்டேன், இப்ப இல்லங்கறாரு" என்றார்.

மாமா சாப்பிட்டிருக்கவில்லை. சர்க்கரை இறங்கி விரல்கள் நடுங்கின, சட்டையின் முதுகு முழுக்க வியர்த்திருந்தது. ஹாஜிராவின் பையில் இருந்த மிட்டாயை வாயில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன். மறுத்தார். "மூணு ராத்திரி ஆவல புள்ள. இப்ப வந்தா கொடுத்தது செல்லாதுன்னு எவனாச்சும் சொல்லுவான். ஏதாவது லாட்ஜ் பாரு" என்றார்.

லாட்ஜ் பார்த்திருக்கலாம். மழைக்காலம், எல்லா இடத்திலும் அறை காலியாகத்தான் இருந்தது. நான் டிக்கெட்டுடன் சேர்த்து அறை போடும் வேலையில் இருப்பவள், ஒரு போன் போதும். ஆனால் நடுங்கும் கையோடு அவரை ஒரு அறையில் தனியாக விட எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் கூடத் தங்கலாம் என்றால் குழந்தைக்கு மறுநாள் பள்ளிக்கூடம், மாமி வீட்டில் தனியாக. "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டை வச்சு நான் என்ன பண்றது? எந்திரிங்க" என்று சத்தம் போட்டேன். குணாவும் சேர்ந்து தூக்கினார். நாற்காலியை மறுபடி பின்னால் கட்டினோம்.

மாலை ஆறு பத்துக்கு வீட்டு வாசலுக்கு வந்தோம். மாமா படியில் நின்றுவிட்டார். மாமி உள்ளிருந்து, "வாங்க, நனையாதீங்க" என்றார். மாமா, "நீ கூப்பிட்டா ஆவாது. நீயே விருந்தாளி. வீட்டுக்காரி கூப்பிடணும்" என்றார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க மாமா" என்றேன். "மாமான்னு இல்ல. அப்துல் கனி பாய், என் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லு" என்றார். மழையில் நின்றுகொண்டு அப்படியே சொன்னேன். உதயசூரியன் அண்ணன் தன் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தார். அதன் பிறகுதான் மாமா உள்ளே வந்தார். வெறுங்கையோடு விருந்துக்கு வரக் கூடாது என்று ஜெட்டியில் வாங்கிய ஒரு பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்று இரவு கஞ்சி குடித்துவிட்டு இதே வீட்டில்தான் தூங்கினார்.

ஆக, மாமா வெளியே இருந்தது காலை பத்து ஐம்பதிலிருந்து மாலை ஆறு பத்து வரை. ஏழு மணி இருபது நிமிடம். மூன்று நாள் இல்லை.

அதன் பிறகு டிசம்பர் வரை அவர் இந்த வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்தோம், அவர் விடவே இல்லை. துண்டு காயப் போடலாமா, ஃபேன் போடலாமா என்று என்னிடம் கேட்பார். நான் சமையலில் இருந்தால் ஹாஜிராவை அனுப்புவார். ஒரு தடவை நான் எரிச்சலில், "மாமா, தலைவலிக்குது, எதை வேணாலும் போட்டுக்கங்க" என்று கத்திவிட்டேன். "பாத்தியா, வீட்டுக்காரி பேச்சு வந்துடுச்சு" என்று மாமியிடம் சொல்லிச் சிரித்தார். ஜூலையில் பெயர் மாற்றத்துக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு நானும் அவரும் மூன்று தடவை போனோம். ஒரு தடவை பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்றார்கள், ஒரு தடவை வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும் என்றார்கள், ஒரு தடவை சம்பந்தப்பட்டவர் லீவு. கரன்ட் பில்லை மாற்றவும் அந்தப் பெயர் மாற்ற உத்தரவையே கேட்டார்கள். அக்டோபரில் மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2024 டிசம்பர் 11 அன்று இறந்தார். பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, நாற்பதாம் நாள் பாத்திஹா. சாப்பாடு முடிந்ததும் பைசல் உறவினர்கள் முன்னால் என்னிடம், "பாபி, மார்ச்சுக்குள்ள கீழ காலி பண்ணிக் கொடுங்க, ஏர்போர்ட் பக்கம், ஹோம்ஸ்டே போடப் போறேன்" என்றார். நான் மாமா எழுதிய தாளைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்காமல், "உங்க வீடுன்னா கரன்ட் பில்லு யாரு பேர்ல வருது? அத்தா இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளிய படுத்தவர் இல்ல. நான் சென்னையில இருந்தாலும் எனக்குத் தெரியும். வெளிய போகாம கொடுத்தா செல்லாதுன்னு அத்தாவே ஆயிரம் தடவ சொல்லியிருக்கார்" என்றார்.

நான், 2016இல் மாமா கடையை உங்களுக்கு எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். ஷட்டர் சாவியைக் கையில் கொடுத்தார், மறுநாள் காலையும் அதே கல்லாவில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை தினமும் உட்கார்ந்தார், அது செல்லும் என்றால் இது ஏன் செல்லாது என்றேன். பைசல், "அது பிசினஸ் பாபி, இது வீடு. அலக் பாத் ஹை, அது வேற இது வேற" என்றார். மாமி, "ரெண்டையும் ஒரே கைதான்டா கொடுத்துச்சு" என்றார். பைசல் மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் 20ஆம் தேதி நான் வேலையிலும், மாமி ஆஸ்பத்திரியிலும் இருந்தபோது, மாமா இருந்த முன்னறைக்குப் பைசல் தன் கடைப் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தார். அந்த அறையில் எங்கள் சான்றிதழ்கள் இருந்தன. ஹாஜிராவுக்கு மூச்சு இளைத்தால் வைக்கும் நெபுலைசரும் அங்கேதான் இருந்தது. இரண்டு நாள் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 22ஆம் தேதி குழந்தைக்கு இளைப்பு தொடங்கியதும் கடைக்கே போனேன். வாடிக்கையாளர்கள் முன்னால், "சாவி என்ன பெரிய சாவி, ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். என்ன கையெழுத்து என்று கேட்டதற்கு, காலி பண்ணுவதாக என்றார். நான் வீட்டுக்கு வந்து சுத்தியலால் பூட்டை உடைத்தேன். நான்கு அடி அடித்தேன். உதயசூரியன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மெதுவாம்மா, தாழ்ப்பாளோட பேந்துரும்" என்றார். நெபுலைசரையும் மருந்தையும் எடுத்துக் குழந்தைக்கு வைத்தேன். அறையில் வேறு எதையும் தொடவில்லை. உடைந்த பூட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் கொடுக்கிறேன்.

23ஆம் தேதி பைசல் புகார் கொடுத்தார். 24ஆம் தேதி, அதாவது இன்று, சரி, நேற்று ஆகிவிட்டது, மதியம் நீங்கள் என்னை விசாரித்தீர்கள். அப்போதுதான் மூன்று நாள் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பைசலுக்கு அன்று நடந்தது தெரியாது. அவர் சென்னையில் இருந்தார், வெறும் ஊகத்தில் பேசுகிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. எதிர்ப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு அவர் சிரித்ததும் எனக்கு வாயில் வந்துவிட்டது. எழுத்தர் மேலே எழுதிக்கொண்டே போனார், ஹாஜிரா என் முந்தானையைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தாள், படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட் ரத்தானது கப்பல் துறையிலேயே இருக்கும், பயணிகள் பட்டியலில் மாமா பெயர் இருக்காது என்பது ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. அந்தப் பயமும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தால் மட்டும் இதை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குணா போன் செய்தார். "அக்கா, போலீஸ் தானாலேர்ந்து திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. எத்தினி நாள்னு சொல்லணும்? நீங்க சொல்றதத்தான் நானும் சொல்லுவேன்" என்றார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு இஷா தொழுகை முடிந்து மாமியிடம் விசாரணையில் என்ன நடந்தது என்று சொன்னேன். சனிக்கிழமை, அதாவது இன்று விடிந்ததும், காலை பதினொரு மணிக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறீர்கள். மாமி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மூணு நாளா? ஏன் புள்ள அப்படிச் சொன்னே, அன்னைக்கு ராத்திரி நான்தானே அவருக்குக் கஞ்சி காய்ச்சினேன்" என்றார். நான் அழுதேன். மாமி தஸ்பீஹ் மணியை எடுத்து ஒரு சுற்று உருட்டி முடித்தார். பிறகு, "சரி விடு. நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நானும் மூணு நாளுன்னே சொல்லிடறேன். பெத்த புள்ளைக்கு எதிரா ஒரு தடவ, அல்லாவுக்கு எதிரா ஒரு தடவ. என்ன பண்றது, ஜெய்லானி புள்ள தெருவுல நிக்கக் கூடாது" என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருக்கிறது, சார். வக்கீல் தேவையில்லை என்று சொல்லியும் மூன்று இரவு என்று பிடிவாதம் பிடித்த மாமா மேல், கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்லும் பைசல் மேல், ஒரு அறை போடாத என் மேல். ஆனால் மாமி அறுபத்தெட்டு வயதில் எனக்காக உங்கள் முன் வந்து பொய் சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குணாவும் சொல்ல வேண்டாம். இந்த வீடு என்னுடையது என்று இப்போதும் சொல்கிறேன். மாமா கொடுத்தார், நான் வாங்கினேன், பெட்டியும் நாற்காலியுமாக வெளியே போனார், நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். அதற்கு ஏழு மணி இருபது நிமிடம் போதுமா போதாதா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். போதாது என்று சொன்னால் நானும் ஹாஜிராவும் எங்கே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை. என் பெற்றோர் இல்லை, மெயின்லாண்டில் எனக்கென்று யாரும் இல்லை. ஆனாலும் நடந்ததை வைத்தே சொல்லட்டும், நான் சொன்ன மூன்று நாளை வைத்து வேண்டாம்.

ஆகவே மதியம் கொடுத்த வாக்குமூலத்தில் "மூன்று நாள், ஹேவ்லாக்கில்" என்று வரும் இடத்தை நீக்கி, இதில் எழுதியிருப்பதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொய்யாகச் சொன்னதற்கு என் மேல் நடவடிக்கை உண்டு என்றால் அதை ஏற்கிறேன். மற்ற விவரம் எதிலும் மாற்றம் இல்லை. மேலே உள்ளதை யாரும் சொல்லிக் கொடுத்து நான் எழுதவில்லை, எனக்குத் தெரிந்தவரை இதில் கூட்டியதும் குறைத்ததும் இல்லை. மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜெ. நஜ்மா பானு
25.01.2025, அதிகாலை 2.10

சார், மாமி காலை பத்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். நான் எழுதி அனுப்பியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று தெரிந்தால்தான், நடந்ததையே சொல்லுங்கள் மாமி என்று அவரிடம் உறுதியாகச் சொல்ல முடியும். பத்தரைக்கு முன்னால் பதில் அனுப்புங்கள்.